பழைய காரும் புதிய பிரேக்கும்



வேலையின் பொருட்டுத் தமிழ்நாட்டை விட்டு வந்து மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் நாக்பூரிலும் குடியேறிய நம்மவர் வீடுகளில், தகப்பனார் காலத்துப் பொருள் என்று போற்றிக் காக்கப்படுபவை சில உண்டு. பித்தளைக் குத்துவிளக்கு, ஈயச் சொம்பு, உறையிட்ட வீணை, இவற்றோடு சில வீடுகளின் வாயிலில் பழைய கார் ஒன்றும் நிற்பதைக் காண்கிறோம். கொல்கத்தாவில் அது அம்பாசடராக இருக்கலாம். மும்பையிலோ பெரும்பாலும் பத்மினியாகவே இருக்கும்.

குர்லாத் தொழிற்சாலையில் 1964-ஆம் ஆண்டு ஃபியட் 1100 டிலைட் என்னும் பெயரோடு பிறந்து, 1970-களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய அந்தச் சிறிய காரை மும்பைவாசிகள் எளிதில் மறக்க மாட்டார்கள். கறுப்பும் மஞ்சளுமாக அந்நகர வீதிகளில் ஓடிய பத்மினி டாக்சிகள் 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தோடு விடைபெற்றன. ஆயினும், சொந்தக் காராக அதனை வைத்திருப்போர் இன்றும் உளர். ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைத்து மெருகேற்றி, குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மாதுங்காவிலிருந்து கடற்கரை வரை சென்று வருவதில் அவர்களுக்கு ஒரு தனி இன்பம்.

இந்தக் கார்களை வைத்திருக்கும் அன்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுள் முதன்மையானது ஒன்று உண்டு. “வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் இக்காலத்துப் போக்குவரத்தில் அது நன்றாக நிற்குமா? புதுக் கார்களில் இருப்பது போன்ற டிஸ்க் பிரேக்கை இதிலும் பொருத்திவிடலாமா?” என்பதே அக்கேள்வி. அதற்கு விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

விடை கூறப் புகுமுன், எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில், புனேயிலிருந்து பழைய நெடுஞ்சாலை வழியாக எங்கள் பத்மினியில் மும்பைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் என் மனைவி, பின்னால் இரண்டு குழந்தைகளும் என் மாமியாரும், மேலே பெட்டிகள். கண்டாலாவைக் கடந்து மலைப்பாதை இறங்கத் தொடங்கிற்று. நான் நான்காவது கியரிலேயே, வளைவுதோறும் பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினேன். பாதி வழியில் பெடல் சற்றே ஆழமாக இறங்குவது போல் தோன்றியது. அடுத்த வளைவில் மிதித்தபோது, பஞ்சுப் பொதியை மிதித்தது போல அது தரை வரைக்கும் சென்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை.

இரண்டாவது கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி, மண்மேட்டில் சக்கரம் உரச உரச ஒருவாறு நிறுத்தினேன். வண்டிக்குள் ஒருவரும் பேசவில்லை. பின்னால் வந்த லாரியிலிருந்து முதியவர் ஒருவர் இறங்கி வந்து, முதல் காரியமாகச் சக்கரத்தின் கீழ் ஒரு கல்லை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “எந்தக் கியரில் மலை ஏறுவாயோ, அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும், தம்பி. பிரேக்கை நம்பி இறங்கலாகாது” என்று இந்தியில் கூறினார். அரை மணி நேரம் கழிந்ததும் பெடல் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஏதும் உடையவில்லை, ஏதும் ஒழுகவில்லை. குற்றம் வண்டியினுடையது அன்று, என்னுடையது. பிரேக் ஆயிலை ஆறு ஆண்டுகளாக நான் மாற்றவே இல்லை. அது கொதித்துவிட்டது.

எண்ணெய் ஏன் கொதிக்க வேண்டும்? இதனை அறிந்துகொண்டால் பிரேக்கைப் பற்றிய பாதி விஷயம் அறிந்தவராவோம்.

ஓடும் வண்டியிடம் ஓர் ஆற்றல் இருக்கிறது. வண்டியை நிறுத்துவது என்றால், அந்த ஆற்றலை அழிப்பது என்று பொருளன்று. ஆற்றலை அழிக்க யாராலும் இயலாது. அதனை வெப்பமாக மாற்றுவதே பிரேக்கின் தொழில். பத்மினியின் எடை ஏறத்தாழ 900 கிலோ. ஆட்களும் பெட்டிகளும் சேர்ந்து 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அவ்வண்டியை நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம் சுமார் 3 லட்சம் ஜூல். இதனை வீட்டுக் கணக்கில் சொல்வதானால், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவையான வெப்பம். அடுப்பில் பல நிமிடங்கள் ஆகும் காரியத்தைப் பிரேக்கு நான்கைந்து வினாடிகளில் செய்து முடிக்கிறது.

இனி மலைப்பாதையைப் பார்ப்போம். லோணாவளாவுக்கும் அடிவாரத்திலுள்ள கோபோலிக்கும் இடையே உயர வேறுபாடு 500 மீட்டருக்கு மேல். 1,200 கிலோ வண்டி 500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபது முறை நிறுத்துவதற்குச் சமம். இருபது லிட்டர் தண்ணீர் கொதிக்கும் வெப்பம்! எஞ்சின் கியரில் பிணைந்து தடுத்தால் அதில் பெரும்பங்கை எஞ்சினே ஏற்றுக்கொள்ளும். காற்றும் டயரும் சிறிது ஏற்கும். நான் செய்தது போல நான்காவது கியரில் இறங்கினால், பெரும்பாலும் பிரேக்கே சுமக்க வேண்டியதுதான். அந்த லாரிக்காரர் பௌதிக நூல் கற்றவராக இருந்திருக்க மாட்டார். ஆயினும் அவர் கூறியது பௌதிகமே.

பத்மினியின் நான்கு சக்கரங்களிலும் இருப்பவை டிரம் பிரேக்குகள். சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புக் குடம் ஒன்று; அதனுள்ளே பிறை வடிவான இரண்டு ஷூக்கள்; அவற்றின் மேல் ஒட்டப்பட்ட லைனிங். நாம் பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள எண்ணெய் அழுந்துகிறது. அந்த அழுத்தம் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று, ஷூக்களை விரித்து டிரம்மின் உட்சுவரில் உரசச் செய்கிறது. இதில் ஒரு நயம் உண்டு. டிரம் சுழலும் திசையிலேயே விரியும் ஷூவை அந்தச் சுழற்சியே மேலும் இழுத்து அழுத்திவிடும். கதவிடுக்கில் செருகிய ஆப்பு தானே இறுகுவது போன்றது அது. ஆகவே மிதிக்கும் காலுக்கு அதிக வலிமை தேவைப்படுவதில்லை. பூஸ்டர் என்னும் துணைக்கருவி இல்லாமலேயே அக்காலத்துக் கார்கள் நின்றமைக்கு இதுவே காரணம்.

குறைகளும் இரண்டு உண்டு. முதலாவது, வெப்பம் மூடிய குடத்துக்குள்ளே சிறைப்பட்டுவிடுகிறது. சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. லைனிங்கின் பிடிப்பும் தளர்கிறது. பெடல் ஆழமாக இறங்கும். வண்டியோ மெதுவாகத்தான் நிற்கும். இரண்டாவது, மழை. மும்பையில் ஆனி ஆடி மாதங்களில் தேங்கிய நீரில் வண்டியை ஓட்டினால், டிரம்முக்குள் புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. அடுத்த முறை மிதிக்கும்போது ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றொன்று பிடிக்காது. வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நீரைக் கடந்தவுடன், பின்னால் வண்டி வராததைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் செல்கையில் பெடலைச் சற்றே மிதித்துப் பிடித்து உலர்த்திக்கொள்வது நல்ல பழக்கம்.

டிஸ்க் பிரேக்கில் இவ்விரு குறைகளும் குறைவு. அங்கே வட்டத் தகடு வெளிக்காற்றில் சுழல்கிறது. அதனை இரு பக்கமும் பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. சூட்டில் தகடு தடித்தால் பேடை நோக்கியே வரும், விலகாது. நீரையும் உதறிவிடும். 1953-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார்கள் இத்தகைய பிரேக்குகளோடு ஓடி வென்ற பிறகு உலகம் இதனை நன்கு அறிந்தது. இத்தாலியில் ஃபியட் நிறுவனமே 1966-ஆம் ஆண்டு வெளியிட்ட 1100 ஆர் என்னும் காரின் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கு வைத்தது. நம் நாட்டுப் பத்மினி பழைய வடிவத்திலேயே நெடுங்காலம் ஓடிற்று.

அப்படியானால் உடனே டிஸ்க் பிரேக்கைப் பொருத்திவிடலாமே என்று தோன்றும். அன்பர்களே, அங்கேதான் சற்று நிற்க வேண்டும். பிரேக்கு என்பது ஒரு தனி உறுப்பன்று. காலில் தொடங்கிச் சாலையில் முடியும் ஒரு சங்கிலி. சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் பொன்னால் செய்து பயனில்லை. ஆகவே மேம்படுத்துவதை மூன்று படிகளாகச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

முதற்படி, உள்ளதை உள்ளபடி சீர் செய்தல். தம் வண்டியின் பிரேக்கு போதாது என்று கூறுவோரில் பலர், அந்தப் பிரேக்கு புதிதாக இருந்தபோது எவ்வாறு வேலை செய்தது என்பதை அறியாதவர்கள்.

பிரேக் ஆயிலிலிருந்து தொடங்குவோம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியசுக்குக் குறைந்து கொதிக்கலாகாது என்பது விதி. நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவான நீர் அதில் கலந்துவிட்டாலோ, அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 தரத்தில் இவ்வெல்லைகள் 230-உம் 155-உம் ஆகும். எண்ணெய் கொதித்தால் ஆவி பிறக்கும். எண்ணெயை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். பெடல் பஞ்சு போல ஆவதன் மர்மம் இதுவே. கடற்கரை நகரங்களில் வாழும் நாம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இதனை மாற்றிவிட வேண்டும். சிலிக்கோன் வகையான டாட் 5 ஆயிலை மட்டும் இவற்றோடு கலக்கவே கூடாது. எண்ணெயை மாற்றியதும் நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுக்கச் சொல்லுங்கள். குழாயில் தங்கிய சிறு காற்றுக் குமிழும் பெடலைத் தளரச் செய்யும்.

அடுத்து, சக்கரத்தருகே உள்ள ரப்பர் ஹோசுகள். வெளியே நன்றாகத் தோன்றி உள்ளே ஊதிப்போயிருக்கும். அவற்றில் எண்ணெய் போகும், ஆனால் எளிதில் திரும்பாது. பிரேக்கு பிடித்தபடியே நின்று சூடேறும். வயது தெரியாத ஹோசை மாற்றிவிடுவதே அறிவு. வீல் சிலிண்டர்களின் ரப்பர் உறையை நீக்கிப் பார்த்தால் ஈரம் தெரியலாகாது. டிரம் உட்புறம் வரிவரியாகத் தேய்ந்திருந்தால் லேத்தில் கடைந்து சமன் செய்யலாம். ஆனால் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மேல் கடைந்தால் சுவர் மெலிந்து, சூட்டில் இன்னும் விரைவாக விரியும். லைனிங்கை எப்போதும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இடச் சக்கரத்துக்கு ஒன்று, வலச் சக்கரத்துக்கு வேறொன்று என்று இருந்தால் வண்டி இழுக்கும். ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியை அவ்வப்போது சரி செய்து வந்தாலே பெடல் புதிதுபோல் உயர்ந்து நிற்பதைக் காணலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். டிரம்மைக் கழற்றியதும் உள்ளிருக்கும் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. அத்தூசி நுரையீரலில் படிந்து பல ஆண்டுகள் கழித்துக் கொடிய நோயைத் தரவல்லது. ஊத விடாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, அத்துணியை உறையிலிட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். வேலை செய்யும் பையன் நம் வீட்டுப் பையனல்லன் என்று எண்ணலாகாது.

சங்கிலியின் கடைசிக் கண்ணி டயர். பிரேக்கு சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது டயர். பழைய கார்கள் ஓட்டம் குறைவாதலால் டயரின் வரிகள் தேயாமலே இருக்கும். ரப்பரோ முதுமையால் கல்லாகியிருக்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் உண்டு. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். வயதான டயரின் மேல் எவ்வளவு உயர்ந்த பிரேக்கை வைத்தாலும், ஈரச் சாலையில் சக்கரம் நிற்கும். வண்டி வழுக்கிக்கொண்டு போகும்.

இரண்டாவது படியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பழைய கார்கள் பலவற்றில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்றாக அமைந்தது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய், ஒரே அறை. எங்கேனும் ஒரு குழாய் துருப்பிடித்து உடைந்தால் நான்கு சக்கரங்களும் ஒருங்கே கைவிடும். இக்காலத்துக் கார்களில் இரட்டைச் சுற்று அமைப்பு உள்ளது. ஒன்று போனாலும் மற்றொன்று வண்டியை, மெதுவாகவேனும், நிறுத்திவிடும். உங்கள் வண்டியில் இருப்பது எது என்று நல்ல மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒற்றைச் சுற்றாயின், இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்துவதே முதலில் செய்யத்தக்க மாற்றம். டிஸ்க் பிரேக்கு வண்டியை விரைவில் நிறுத்தும். இரட்டைச் சுற்றோ, நிற்காமலே போகும் நிலையினின்று காக்கும். இவற்றுள் எது பெரிது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது படி டிஸ்க் பிரேக்கு. முன் சக்கரங்களுக்கு மட்டும் இதனைப் பொருத்தி, பின்னால் டிரம்மையே விட்டுவைப்பது வழக்கம். பிரேக்கு பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் முன் சக்கரங்களே பெரும்பணி செய்கின்றன. ஹேண்ட் பிரேக்கும் பின் டிரம்மில் இருப்பதால் அதற்கு இடையூறு நேர்வதில்லை. ஆனால் இம்மாற்றம் தன்னோடு வேறு சில மாற்றங்களையும் அழைத்து வருகிறது.

டிஸ்க் பிரேக்கில், முன்னர்க் கூறிய ஆப்பு போன்ற தன்னிறுக்கம் இல்லை. ஆதலால் மிதிக்க அதிக வலிமை வேண்டும். கேலிப்பரின் பெரிய பிஸ்டனுக்கு அதிக எண்ணெயும் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்தால் பெடல் ஆழமாக இறங்கும். அகன்ற மாஸ்டர் சிலிண்டரை வைத்தால் பெடல் கடினமாகும். அதற்காகவே, எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தின் துணையால் காலுக்கு வலிமை கூட்டும் பூஸ்டர் தேவைப்படுகிறது. மேலும், டிரம்முக்கென்று செய்த மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில், குழாயில் சிறிது அழுத்தம் எப்போதும் தங்கியிருக்கும்படி ஒரு வால்வு வைத்திருப்பார்கள். அதே வால்வு டிஸ்க்குச் செல்லும் வழியில் இருந்தால் பேடு தகட்டை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். சிறிது தூரத்திலேயே சூடேறிவிடும்.

எல்லாவற்றினும் நுட்பமானது முன்பின் சமநிலை. முன்னால் டிஸ்க்கை வைத்து, அதற்காகக் காலின் அழுத்தத்தைக் கூட்டினால், அதே அழுத்தம் பின்னாலுள்ள டிரம்முக்கும் செல்கிறது. பின் டிரம்மோ தன்னிறுக்கம் உடையது. பின்புறம் எடையும் குறைந்திருக்கிறது. ஆகவே பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும். முன் சக்கரம் பூட்டினால் வண்டி நேரே வழுக்கும். பின் சக்கரம் பூட்டினால் வண்டி பம்பரம் போலச் சுழன்றுவிடும். முன்னைவிட நல்ல பிரேக்கு என்று நம்பிப் பொருத்தியது, மழை நாளில் முன்னைவிடக் கொடிய ஆபத்தாக முடியலாம். பின் சுற்றின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வோ, சிறிய வீல் சிலிண்டரோ வைத்து இதனைச் சீராக்க வேண்டும். “முன்னால் டிஸ்க் போட்டுவிட்டேன், பின்னால் ஒன்றும் செய்ய வேண்டாம்” என்று கூறும் மெக்கானிக்கிடம் வண்டியை ஒப்படைக்க வேண்டாம்.

கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டும் கவனிக்கத்தக்கது. நிறுத்தும் விசை முழுவதும் அதன் மீதுதான் விழுகிறது. ஸ்டப் ஆக்சிலை வெல்டிங் செய்தோ, அரத்தால் தேய்த்தோ வேறொரு காரின் பாகத்தைப் பொருத்துவது உயிரோடு விளையாடுவதாகும். நல்ல எஃகுத் தகட்டில் அளவு பார்த்துக் கடைந்த பிராக்கெட்டை, உரிய தரமுள்ள போல்ட்டுகளால் பிணைத்திருக்க வேண்டும். சக்கரத்தை முழுவதும் சுழற்றி, கேலிப்பர் ரிம்மில் இடிக்கவில்லை என்பதையும், ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, ஹோசு இழுபடவில்லை என்பதையும் நீங்களே கண்ணால் பார்த்துவிடுங்கள்.

உதிரி பாகங்களைப் பற்றி நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று. இந்தியாவில் பிரேக்குத் தொழில் வேரூன்றிய இடங்களுள் சென்னையை அடுத்த பாடி முக்கியமானது. 1962-ஆம் ஆண்டு அங்கே பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தோன்றிற்று. லைனிங் செய்யும் தொழிற்சாலைகளும் சென்னைப் பகுதியில் பின்னர் வளர்ந்தன. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது தேடிப் பார்த்து வாங்கி வரலாம். ஆயினும் எங்கே வாங்கினாலும் போலிச் சரக்கை விலக்குங்கள். பெட்டியின் முத்திரையைப் பாருங்கள்; ரசீது கேளுங்கள். மற்றவற்றில் போலி பணத்தைத்தான் கொண்டுபோகும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம், 1988, அதன் 52-ஆம் பிரிவில், பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. பிரேக்கு மாற்றத்தைப் பற்றி உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுவது நலம். சொந்தக் கார் 15 ஆண்டுகளைக் கடந்ததும் பதிவைப் புதுப்பிக்கச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் பதிவான வண்டியைக் கொண்டுவந்து பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால், இம்மாநிலத்தின் புதிய பதிவெண்ணைப் பெற விண்ணப்பிக்க வேண்டும். தில்லிப் பகுதியில் வயது முதிர்ந்த வண்டிகளுக்கென்று தனிக் கட்டுப்பாடுகள் இருப்பதால், அங்குள்ளோர் செலவு செய்யுமுன் அவற்றை அறிந்துகொள்ள வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கி எறியாமல் எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நாள் வண்டியைப் பழைய வடிவுக்கே கொண்டுவர நீங்கள் விரும்பலாம்.

வேலை முடிந்து வண்டி வந்ததும் உடனே நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். நின்ற இடத்திலேயே பெடலை வலுவாக மிதித்து ஒரு நிமிடம் பிடித்திருங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் எங்கேயோ கசிவு உண்டு. பூஸ்டர் இருந்தால், எஞ்சினை அணைத்துப் பலமுறை மிதித்த பின், மிதித்தபடியே எஞ்சினைக் கிளப்புங்கள். பெடல் சற்றே கீழிறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. பிறகு ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து இருபது முப்பது முறை மென்மையாக வேகத்தைக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, புதிய பேடைப் பழக்குங்கள். அதன் பின்னரே வலுவாக மிதித்துப் பார்க்க வேண்டும்.

நிறைவாக ஒரு கணக்கு. பழைய பிரேக்கோடு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறீர்கள். முன்னால் ஒரு குழந்தை ஓடி வருகிறது. கண்டு, காலை எடுத்துப் பெடலில் வைக்க ஒரு வினாடி. அதற்குள் 22 மீட்டர் போய்விடும். பின்னர், வினாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகக் கொண்டால், நிற்க இன்னும் 49 மீட்டர். ஆக 71 மீட்டர். பிரேக்கையும் டயரையும் மேம்படுத்தி, அந்த 5-ஐ 6 ஆக்கினால், மொத்தம் 63 மீட்டர். எட்டு மீட்டர் இலாபம். அதனைச் சிறிதென்று சொல்ல மாட்டேன். ஒரு குழந்தைக்கு எட்டு மீட்டர் மிகப் பெரிது. ஆனால் பழைய பிரேக்கோடேயே 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றிருந்தால்? முன்னே 17 மீட்டர், பின்னே 28 மீட்டர், ஆக 45 மீட்டரில் வண்டி நின்றிருக்கும். இலாபம் 26 மீட்டர். செலவு ஒரு காசும் இல்லை.

ஆகவே அன்பர்களே, பழைய காருக்கு நல்ல பிரேக்கு வையுங்கள். முறையாக, படிப்படியாக, தெரிந்தவர் கையால் வையுங்கள். ஆனால் நல்ல பிரேக்கு வந்துவிட்டது என்பதற்காக வேகத்தைக் கூட்டினால், சம்பாதித்த எட்டு மீட்டரையும் அன்றே செலவழித்தவராவீர்கள்.

எங்கள் வண்டியில் இப்போது இரட்டைச் சுற்று இருக்கிறது. முன்னால் டிஸ்க்கும் இருக்கிறது. எண்ணெய் மாற்றிய தேதி ஒரு சீட்டில் எழுதி உள்ளே ஒட்டப்பட்டிருக்கிறது. ஆயினும் கண்டாலா மலையில் இறங்கும்போது இரண்டாவது கியரில்தான் இறங்குகிறேன். அந்த முதியவர் வைத்த கல்லை எடுத்து வந்து வண்டியின் டிக்கியில் வைத்திருக்கிறேன். குழந்தைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். என் மாமியார் மட்டும் சிரிப்பதில்லை.